வீடு தேடி வந்த வைத்தியம்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, வைத்தியத்தின் உறுப்புக்கள் நான்கென வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றையும் எண்ணியபின், நோயாளியின் பக்கத்தில் நின்று பணி புரிபவனையும் அவற்றோடு ஒப்ப நிறுத்தி நான்காம் உறுப்பாக்கினார். இந்நான்கும் ஒருங்கு கூட வேண்டிய இடம் எதுவென அவர் கூறினாரல்லர். நோயுற்றவன் பெரும்பாலும் தன் மனையிலேயே கிடந்த காலம் அது. ஆதலின் இடத்தைப் பற்றிய வினா எழுவதற்கே நியாயம் இருந்திராது.

இன்று அவ்வினா எழுந்துள்ளது. புற்றுநோயாளர் ஒருவர் வைத்தியசாலையில் மருந்தேற்றிக் கொள்வதிலும் தம் வீட்டிலேயே அதனைப் பெறுவதில் மிக்க மனநிறைவு அடைகின்றாரா என்பதைப் பல நாட்டு வைத்தியர்கள் எண்ணிக் கணக்கிட்டு ஆராய்ந்துள்ளனர். இது மிகப் புதிய எண்ணம் போலத் தோன்றும். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், புற்றுநோய்க்கு வீட்டில் வைத்தியம் செய்தலே பழைய முறையென்பதும், அது வீட்டை விட்டு வெளியேறி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் வாயிற்கதவைத் தட்டியதென்பதும் விளங்கும்.

1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி பாரிசு நகரின் வீடொன்றில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். அவ்வீட்டில் வாழ்ந்தவர் பிரான்சிஸ் பேர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை. டார்ப்ளே என்ற பிரெஞ்சுத் தளபதியை மணந்து, பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் மூண்டிருந்த போர் காரணமாகத் தாய்நாடு திரும்ப இயலாது அங்கே தங்கியிருந்தார். வயது ஐம்பத்தொன்பது. மார்பில் தோன்றிய கட்டி ஒன்றைப் புற்றுநோயென வைத்தியர்கள் தீர்மானித்தார்கள். நெப்போலியனின் படை வைத்தியராகப் பெரும்புகழ் பெற்ற லாரே அவர்களும், அந்நாளின் முதன்மையான சத்திரவைத்தியருள் ஒருவரான டுபுவா அவர்களும் அறுவையே வழியென்றனர். இத்துணைப் பெரிய வைத்தியர்கள் அவ்வம்மையாரை வைத்தியசாலைக்கு வருமாறு பணித்தார்களா? இல்லை. அவர்களே வீட்டுக்கு வந்தார்கள். செல்வமும் செல்வாக்கும் உடையோர்க்கு வீடே வைத்தியசாலை. வைத்தியசாலை என்பது ஏழைகளும் திக்கற்றவர்களும் போர்வீரர்களும் கிடக்குமிடம். அக்காலத்து நியதி அதுவே.

அறுவைக்குச் சிறிது நேரத்துக்கு முன்பே அம்மையாருக்குச் செய்தி அறிவிக்கப்பட்டது. கணவர் கலங்குவார் என்றஞ்சி, அலுவலொன்றைக் காரணமாக்கி அவரை வெளியே நிறுத்திவைத்தார்கள். கட்டுத்துணிகளும் கடற்பஞ்சுகளும் பரப்பப்பட்ட அறையை அம்மையார் தாமே சென்று பார்த்தார். பார்த்தவர் மனங்குன்றி நடக்கலானார். பின்னர் கறுப்பு உடையணிந்த எழுவர் உள்ளே நுழைந்தனர். கட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போடும்படியும், பழைய மெத்தைகளும் பழைய விரிப்பும் கொண்டுவரும்படியும் டுபுவா கட்டளையிட்டார். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஒரு கிண்ணம் திராட்சை மதுவே அவருக்குக் கிடைத்த ஆறுதல். முகத்தின்மேல் மெல்லிய கைக்குட்டை ஒன்றை இட்டனர். அதனூடாகக் கத்தியின் ஒளி அவருக்குத் தெரிந்தது. சுமார் இருபது நிமிடம் நீடித்த அவ்வேதனையைத் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்திருக்கின்றார். அதனை எழுதி முடிக்கவே பல மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் அவரால் முடியவில்லை.

அவர் அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் மறைந்தார். அக்கட்டி மெய்யாகவே புற்றுநோய்தானா என ஐயுறுவோரும் இன்று உளர். அது எவ்வாறாயினும், வீட்டில் வைத்தியம் பெறுவதென்றால் தன் தலையணையும் தன் சன்னலும் சூழ இனிதே இருப்பது என்று மட்டும் எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு மறுமொழியாகும். அவ்வம்மையாருக்குத் தம் வீடே அச்சத்தின் களமாயிற்று.

இனி ஏழைகளின் நிலை என்னை? இலண்டன் மாநகரின் பொது வைத்தியசாலைகள் குணமாகும் நோயாளரையே விரும்பி ஏற்றன. தீராநோய் கொண்டவர் கட்டிலை நெடுநாள் பிடித்துக்கொள்வர் என்பது நிர்வாகிகளின் குறை. இந்நிலையில் 1792ஆம் ஆண்டில் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் புற்றுநோயாளருக்கெனத் தனி விடுதியொன்று திறக்கப்பட்டது. மதுவடிப்புத் தொழிலிற் செல்வராகிய சாமுவேல் விற்பிரெட் அதற்கான பொருளை உதவினார். நோயாளி குணமடையும் வரையிலோ, உயிர் பிரியும் வரையிலோ அங்கே தங்கலாம் என்பதே அதன் சிறப்பான விதி. வீட்டிற் கவனிப்பாரற்றுக் கிடந்த ஏழைக்கு அவ்விடுதி வீட்டினும் மேலான வீடாயிருந்தது என்பதை மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை தலைகீழாக மாறியது. 1846இல் ஈதர் மயக்கம் அறுவையின் வேதனையைப் போக்கியது. 1867இல் லிஸ்டர் கிருமிநாச முறையை வெளியிட்டார். 1895இல் எக்ஸ் கதிரும், 1898இல் இரேடியமும் கண்டுபிடிக்கப்பட்டன. இவையனைத்தும் புற்றுநோயாளருக்குக் கிடைத்த வரப்பிரசாதங்களே. ஆனால் இவற்றுள் எதனையும் கைப்பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது. அறுவைக்கூடம் ஓரிடத்தில் நிற்பது. கதிர்ப்பொறியும் ஓரிடத்தில் நிற்பது. வைத்தியத்தை நோக்கி நோயாளி போகவேண்டியதாயிற்று. செல்வரும் வறியரும் ஒரே வாயிலிற் காத்து நிற்கலாயினர். அவ்வளவில் அது சமத்துவமே.

ஆயினும் பொறிகள் கைவிட்ட நோயாளர் எங்கே போவது? அவர்கள் வீட்டுக்கே அனுப்பப்பட்டார்கள். முன்னாளில் வைத்தியர் வந்து நின்ற வீடு இப்போது வைத்தியர் வராத வீடாகிவிட்டது. வள்ளுவர் எண்ணிய நான்கில் நோயாளி ஒருவரே எஞ்சினார். கூட இருந்த மனைவியோ மகளோ நான்காம் உறுப்பாக நின்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, ஓய்வும் இல்லை.

இக்குறையை நீக்கும் வித்து லிவர்பூல் நகரில் 1859ஆம் ஆண்டில் ஊன்றப்பட்டது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், மரணப் படுக்கையிலிருந்த தம் மனைவியைப் பேணுவதற்கு மேரி ரொபின்சன் என்ற தாதியை அமர்த்தியிருந்தார். மனைவி இறந்தபின், தம்மைப் போன்ற செல்வர்க்கே இத்துணைத் தேவையாயிருந்த உதவி, ஏழைக் குடிசைகளில் எத்துணைத் தேவையாயிருக்கும் என எண்ணிய அவர், அத்தாதியையே மூன்று மாதகாலத்துக்கு நகரின் வறியோர் வீடுகளுக்கு அனுப்பினார். சில வாரங்களுள் அவர், தாம் கண்ட துயரத்தைத் தாங்கமாட்டாது, இவ்வேலை வேண்டாமென்று கண்ணீருடன் திரும்பிவந்தார். குறித்த காலத்தையேனும் முடிக்குமாறு ராத்போன் வேண்டிக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தபோது, இவ்வேலையை விட்டுப் போகேன் என்றார் அத்தாதி. வீடுவீடாகச் செல்லும் மாவட்டத் தாதியர் சேவை இங்கிலாந்தில் இவ்வாறு பிறந்தது. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா நிதியைக்கொண்டு அது நாடளாவிய நிறுவனமாயிற்று.

மாவட்டத் தாதி புண்ணைக் கழுவிக் கட்டுவார், படுக்கையை மாற்றுவார், ஊசி போடுவார். அவர் சென்றபின் மீதி இருபத்து மூன்று மணி நேரமும் வீட்டாருடையது. இந்த இருபத்து மூன்று மணி நேரத்தில் நடப்பது என்னவென்பதை எவரும் நெடுங்காலம் கேட்டாரில்லை. மேரி கியூரி நினைவு நிறுவனமும் மாவட்டத் தாதியர் நிறுவனமும் கூடி நடத்தி 1952இல் வெளியிட்ட அறிக்கையே அதனைக் கேட்டது. வீட்டிலிருந்த ஏழாயிரம் அளவான புற்றுநோயாளரைப் பற்றிய விவரங்களை அவர்களைப் பேணிய தாதியரே திரட்டினர். தனியே வாழ்ந்த முதியோர், மாற்றுத்துணியும் போதிய உணவும் இல்லாதோர், உதவிபெற வழியுண்டு என்பதையே அறியாதோர், இரவெல்லாம் விழித்துத் தாமே நோயாளராகிப்போன உறவினர் என ஒரு நாட்டின் மூடிய கதவுகளுக்குப் பின்னிருந்த நிலை வெளிச்சத்துக்கு வந்தது. நோயாளர் பலர் வீட்டை விட்டுப் போக விரும்பாதவர்களே. ஆனால் அவ்விருப்பத்தின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். இரவில் வந்து துணையிருக்கத் தாதியர் வேண்டும் என்ற தேவை அவ்வறிக்கையாற் புலனாயிற்று. 1958ஆம் ஆண்டில் மேரி கியூரி நிறுவனத்தின் வீட்டுத் தாதியர் சேவை தொடங்கியது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அத்திலாந்திக்குக்கு அப்பால் இன்னும் துணிவான முயற்சியொன்று நடந்தது. நியூ யோர்க் நகரில் மொன்றிபியோரி வைத்தியசாலை உளது. 1884இல் நாட்பட்ட நோயாளருக்கான இல்லமாக யூத சமூகத்தார் நிறுவியது. பிறர் ஏற்க மறுத்த நோயாளரை ஏற்பதே அதன் மரபு. அதன் பணிப்பாளர் வைத்தியர் புளூஸ்டோன், நாட்பட்ட நோயாளரை ஒதுக்கிடங்களிற் குவிப்பதை வன்மையாக எதிர்த்தவர். கட்டில்களோ போதவில்லை, காத்திருப்போர் பலர். புதிய கட்டடம் எழுப்புவதற்குப் பதிலாக, வைத்தியசாலையின் எல்லையை நோயாளரின் வீடுவரை நீட்டினால் என்னவென்று அவர் கேட்டார். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் அதிற் சேர்க்கப்பட்டவர்கள் புற்றுநோயாளரே. வைத்தியர் மார்ட்டின் சேர்காஸ்கி அதனை முன்னின்று நடத்தினார்.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் என்பது வேறு. வைத்தியசாலையை வீட்டுக்கு அனுப்புதல் என்பது வேறு. மொன்றிபியோரி செய்தது பின்னையது. வீட்டிலிருக்கும் நோயாளி வைத்தியசாலையின் நோயாளியாகவே கருதப்பட்டார். வைத்தியர் குறித்த நாளில் வந்தார். தாதி வந்தார். குடும்பநிலையை ஆராயச் சமூக ஊழியர் வந்தார். கட்டில், மருந்து, கட்டுத்துணி முதலியன வைத்தியசாலையிலிருந்தே வந்தன. சமையலுக்கும் வீட்டுவேலைக்கும் ஆளில்லாத இடத்தில் அதற்கும் உதவி வந்தது. கதிர்ச் சிகிச்சை போன்றன தேவைப்படின் நோயாளியை வண்டியில் அழைத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்து விட்டனர். நிலைமை மோசமாயின் வைத்தியசாலைக் கட்டில் மறுக்கப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி விரும்பவேண்டும், குடும்பத்தாரும் விரும்பவேண்டும். இருதிறத்தார் இசைவும் இன்றி எவரும் அனுப்பப்பட்டாரல்லர். செலவும் வைத்தியசாலைக் கட்டிலுக்கு ஆவதிலும் வெகுவாகக் குறைந்தது. இத்திட்டத்தைப் பார்வையிடப் பிற நகரத்தாரும் பிற நாட்டாரும் வரலாயினர். சுவரற்ற வைத்தியசாலை என்ற பெயர் இத்தகைய ஏற்பாட்டுக்கு வழங்கலாயிற்று.

செலவு குறைந்ததென்பது நற்செய்திதான். ஆயினும் அதிகாரிகள் ஒரு திட்டத்தைப் புகழும்போது, எதற்காகப் புகழ்கின்றனர் என்பதைக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கின்றது. கட்டில் காலியாயிற்று என்பது நிர்வாகியின் மகிழ்ச்சி. நோயாளியின் மகிழ்ச்சி அதுவன்று. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையே மொன்றிபியோரியின் சிறப்பு. பிற்காலத்தில் இதனைப் பின்பற்றிய எல்லா இடங்களிலும் அவ்வாறே நிகழ்ந்தது என்று சொல்வதற்கில்லை.

பிரான்சு தேசம் இக்கருத்தை விரைந்து கைக்கொண்டது. 1957இல் பாரிசு நகரின் பொது வைத்தியசாலைகள் வீட்டு வைத்தியசாலைச் சேவையொன்றைத் தொடங்கின. அடுத்த ஆண்டில், வில்ஜுயிப்பிலுள்ள புகழ்பெற்ற புற்றுநோய் நிலையத்தின் நோயாளருக்கென மற்றுமொரு சேவை எழுந்தது. 1970ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதிய வைத்தியசாலைச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு நாட்டின் வைத்திய ஒழுங்கில் ஓர் இடம் வகுத்துக் கொடுத்தது. லாரேயும் டுபுவாவும் கறுப்பு உடையோடு நுழைந்த அதே நகரின் வீடுகளில், தாதியர் மருந்துப்பெட்டியோடு படியேறத் தொடங்கினர். இம்முறை செல்வர் வீட்டுக்கு மட்டுமன்று.

எல்லோர்க்கும் வீடு உண்டா என்ற கேள்வியையும் இவ்வரலாறு ஒதுக்கவில்லை. 1948இல் இலண்டன் வைத்தியசாலையொன்றில் டேவிட் தாஸ்மா என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வார்சோவிலிருந்து வந்த யூதர், உணவுச்சாலைப் பணியாளர், உற்றார் எவரும் அருகில்லை. அவரோடு அளவளாவ வந்த சமூக ஊழியர் சிசிலி சோண்டேர்ஸ். இறப்போர்க்கென ஓர் இல்லம் அமைப்பது பற்றி இருவரும் பேசினர். தாஸ்மா தம்மிடமிருந்த ஐந்நூறு பவுணை விட்டுச் சென்றார். அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். சோண்டேர்ஸ் அம்மையார் பின்னர் வைத்தியம் பயின்று, 1967இல் சென் கிறிஸ்தோப்பர் இல்லத்தைத் திறந்தார். வீடற்றவர் ஒருவரின் பொருளில் முளைத்த அவ்வில்லமே, 1969இல் தன் தாதியரை நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பலாயிற்று. இல்லத்தின் கட்டில் ஒன்று தேவைப்படும்போது கிடைக்கும் என்ற உறுதி இருந்தபடியாலேயே பலர் அஞ்சாது வீட்டில் இருக்கத் துணிந்தனர்.

வீட்டில் இருக்க முடிந்தமைக்கு மற்றுமொரு காரணம் வாய்வழி கொடுக்கும் மோர்பீன். நோவு வந்தபின் ஊசிக்காகக் கூவுவதைவிட, நோவு தலைகாட்டுமுன்னரே ஒழுங்காக நேரம் தவறாது மருந்தைக் கொடுத்தல் வேண்டும் என்பதைச் சோண்டேர்ஸ் வற்புறுத்தினார். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டது. ஆனால் மருந்து உண்டென்று நூல் கூறுவது வேறு. அது கிராமத்து வீட்டை அடைவது வேறு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் மோர்பீனைச் சுற்றிப் பல வேலிகளை எழுப்பியது. அவ்வேலிகளுக்கிடையே கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர் ராஜகோபால், வைத்தியர் சுரேஷ்குமார் முதலியோர் வலிதணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். நோயாளர் வைத்தியசாலைக்கு வருவதற்கே பணமும் பெலனும் இல்லாதிருந்தனர். ஆகவே சங்கம் அவர்களிடம் சென்றது. பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலவரே பயிற்சி பெற்றுத் தம் ஊர் நோயாளரைப் பேணும் அமைப்பு வளர்ந்தது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர் என எத்தொழிலாரும் அதிற் பங்குகொண்டனர். 2008இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாக்கிற்று. இங்கிலாந்தில் ஊதியம் பெறும் இரவுத் தாதியாற் செய்யப்பட்டதை, இங்கே அண்டை வீட்டார் செய்தனர். வள்ளுவரின் நான்காம் உறுப்பு ஊராகவே உருவெடுத்தது எனலாம்.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் நோயைத் தணிப்பனவும் நோயாளியைப் பேணுவனவுமாகும். நோயை நேரே எதிர்க்கும் மருந்துகளின் கதை வேறு. 1940களில் தோன்றிய இரசாயன மருந்துச் சிகிச்சை நெடுங்காலம் வைத்தியசாலைக்கு உரியதாகவே இருந்தது. மருந்து ஏறும்போது உண்டாகும் ஓயாத வாந்தியே பெருந்தடை. 1990களின் தொடக்கத்தில் வாந்தியை அடக்கும் சிறந்த மருந்துகள் வழக்கில் வந்தன. பெருநாளத்தில் நெடுநாள் தங்கக்கூடிய மென்குழாய்களும், இடுப்பிற் கட்டிக்கொண்டு நடமாடத்தக்க சிறு ஏற்றிகளும் வந்தன. இரண்டு நாள் மெல்லமெல்ல இரத்தத்திற் கலக்கவேண்டிய மருந்தை ஒருவர் சமையலறையில் நின்றபடியே ஏற்றிக்கொள்ள முடிந்தது. 2001 முதல் சிலவகைப் புற்றுநோய்க்கு மாத்திரையே போதியதாயிற்று. பொறி நோயாளியை இழுத்துச் சென்ற காலம் போய், பொறி சிறுத்து நோயாளியின் பின்னே நடக்கும் காலம் வந்தது.

அப்போதுதான் மனநிறைவை அளந்து பார்க்கும் முயற்சிகளும் எழுந்தன. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அதே நோயாளர் ஒருமுறை வீட்டிலும் ஒருமுறை வைத்தியசாலையிலும் மருந்தேற்றிக்கொண்டனர். இரண்டையும் அனுபவித்து முடித்த இருபது பேரும் வீட்டையே விரும்பினர். செலவோ வீட்டில் சிறிது கூடுதலாக இருந்தது. செலவு குறையும் என்பதற்காகவே வீட்டு வைத்தியத்தைப் பேசுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

அடுத்த ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரிலிருந்து வந்த ஆராய்ச்சி இதனினும் பெரியது. பெருங்குடற் புற்றுநோயுற்ற எண்பத்தேழு பேரைத் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்து, நாற்பத்தைந்து பேருக்குத் தாதியர் வீட்டுக்குச் சென்று மருந்தேற்றினர். நாற்பத்திரண்டு பேர் வழமைபோல் வைத்தியசாலைக்கு வந்தனர். தாமாகவே சிகிச்சையை இடையிற் கைவிட்டோர் வைத்தியசாலைப் பிரிவில் நூற்றுக்கு 14. வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 2. வாழ்க்கைத் தரத்தைக் குறிக்கும் அளவைகளில் இருசாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மனநிறைவோ வீட்டுப் பிரிவிலேயே மிகுந்திருந்தது. சிறப்பாகத் தாதியரின் பணிபற்றிக் கேட்டபோது அது தெளிவாகத் தெரிந்தது.

இம்முடிவு சிந்தனைக்குரியது. நோய் குறையவில்லை, நோவும் களைப்பும் இரு பிரிவினருக்கும் ஒத்தனவே. எனினும் வீட்டிலிருந்தோர் மிகுதியாகத் திருப்தியுற்றனர். எதனால்? நாற்பது கதிரைகள் நிறைந்த கூடத்தில் பலருக்கு நடுவே விரைந்து செல்லும் தாதி, வீட்டுக்கு வந்தவுடன் ஒருவருக்கே உரியவராகின்றார். நோயாளியின் பெயரை அட்டையிற் பார்த்து அறிய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் நோயாளி, விருந்தினர் தாதி. வைத்தியசாலையில் இம்முறை மாறிக் கிடக்கின்றது. திருப்தி என்னும் சொல்லுள் இருப்பது வீட்டின் சுவரன்று, இந்த மாற்றமே என்று கொள்ள இடமுண்டு.

ஆனால் இத்தகைய எண்களை ஏற்குமுன் சிலவற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். இவ்வாராய்ச்சிகளிற் சேர்ந்தோர் வீடுடையவர். வீட்டில் ஒருவர் துணையுடையவர். வீட்டு வைத்தியத்துக்குச் சம்மதித்தவர். தாஸ்மாவைப் போன்றோர் அக்கணக்கிலேறார். மேலும், தன் வீட்டுக்கு வந்து உதவியவரைப் பற்றிக் குறைகூற எந்த நோயாளிக்கு மனம் வரும்? நன்றியும் திருப்தியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. திருப்தி என்று குறித்த தாளை நிரப்பும்போது பக்கத்தில் நிற்கும் மனைவியின் கண்ணில் எத்தனை இரவின் தூக்கமின்மை உளது என்பதை அத்தாள் கேட்பதில்லை.

அதனைக் கேட்டவர் இலண்டன் வைத்தியர் ஜோன் ஹின்டன். இறுதிநிலைப் புற்றுநோயாளரையும் அவர்தம் உறவினரையும் வீட்டிலேயே வாரந்தோறும் கண்டு வினவி, 1994இல் தம் முடிவை வெளியிட்டார். தொடக்கத்தில் அனைவரும் வீட்டையே விரும்பினர். நாட்செல்லச் செல்ல அவ்விருப்பம் படிப்படியாகத் தேய்ந்து, இறுதியில் நோயாளருள் நூற்றுக்கு 54 பேரிடமும் உறவினருள் நூற்றுக்கு 45 பேரிடமுமே எஞ்சிற்று. வீட்டிற் பேணிய சேவை நல்ல சேவையே. ஆயினும் உடல் தளரும்போது விருப்பமும் மாறியது. உறவினரின் விருப்பம் நோயாளியின் விருப்பத்திலும் மிகுதியாகக் குறைந்ததை நோக்குக. ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளும் திருப்தி, அடுத்த மாதத்துத் திருப்தியன்று. வீட்டை விரும்பிய ஒருவர் பின்னர் வைத்தியசாலையை விரும்பினால், அது தோல்வியென்றோ வாக்குத் தவறியதென்றோ எவரும் கருதாதிருக்கும் ஏற்பாடே நல்லேற்பாடு. மொன்றிபியோரி 1947இலேயே கட்டில் மறுக்கப்படாது என்று விதித்தமையின் அருமை இங்கே புலனாகின்றது.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது, வைத்தியசாலையே புற்றுநோயாளருக்கு ஆபத்தான இடமாயிற்று. பல நாடுகளில் மருந்தூசிகளும் ஏற்றிகளும் விரைவாக வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பிலடெல்பியா நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலை சில மாதங்களுக்குமுன் சிறிதாகத் தொடங்கியிருந்த வீட்டுச் சிகிச்சைத் திட்டம் சில வாரங்களுள்ளேயே பன்மடங்கு பெருகியது. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் எச்சரிக்கையும் விடுத்தது. நாளத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்தை வீட்டில் ஏற்றுவதை வழக்கமான முறையாக்குவதற்கு அது உடன்படவில்லை. மருந்து ஒவ்வாது நோயாளி மூச்சுத்திணறினால், வைத்தியசாலையில் ஒரு கூட்டமே ஓடிவரும். வீட்டில் தனியாக நிற்கும் தாதி என்செய்வார்? நச்சுத்தன்மையுள்ள மருந்து தரையிற் சிந்தினால் வீட்டுக் குழந்தைகளுக்கு யார் பொறுப்பு? சங்கத்தின் அச்சம் இவையே. தனித்தனி நோயாளரின் நிலைகண்டு வைத்தியரும் நோயாளியும் கூடித் தீர்மானிக்கலாம் என்பதை அது தடுக்கவில்லை.

அந்த ஆண்டு வீட்டு வாயிலில் வந்து நின்ற தாதியின் முகம் நோயாளிக்குத் தெரியவில்லை. முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் மேலங்கியும் அணிந்து அவர் நின்றார். உள்ளே வந்து, கையைக் கழுவி, மருந்துப்பையின் பெயரையும் நோயாளியின் பெயரையும் இருமுறை ஒத்துப் பார்த்து, குழாயைப் பொருத்தியபின், கட்டிலருகே இருந்த கதிரையை இழுத்துப் போட்டு, மருந்து ஏறி முடியும்வரை அங்கே இருந்தார்.